மௌனத்துக்கு விலை வேண்டும்

(பெங்களூருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்யப்பட்டது.)



பேச வேண்டிய பொருளை என்னிடமே விட்டுவிட்டீர்கள். நன்றி. இணையத்தில் ஒருவர் மீது தாக்குதல் நடக்கிறது. மிரட்டல் வருகிறது, திரிக்கப்பட்ட படம் பரவுகிறது, போலிக் கணக்கு முளைக்கிறது. தாக்குகிறவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் அது எந்த சர்வரிலிருந்து வருகிறது, அந்த சர்வரை யார் நடத்துகிறார்கள் என்பது தெரிகிறது. அவருக்கு எழுதினால் பதில் இல்லை. மறுபடியும் எழுதினாலும் இல்லை. இந்தப் பதிலின்மைதான் இன்றைய பொருள். மிரட்டுகிறவரைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். நிறுத்தும் வசதி கையில் இருந்தும் நிறுத்தாத நெட்வொர்க் நிர்வாகியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

இதைப் பெங்களூருவில் பேசுவதற்குக் காரணம் உண்டு. இணையக் குற்றங்களுக்கென்றே காவல் நிலையம் கண்ட முன்னோடி நகரம் இது. 2001இலேயே அது இங்கே அமைந்துவிட்டது. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வெளிவட்டச் சாலையிலும் உள்ள அலுவலகங்களில், உலகின் பல மூலைகளிலிருந்து வரும் புகார்களை இரவு ஷிப்டில் உட்கார்ந்து படிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த அவையில் இருப்போரின் பிள்ளைகளும் அவர்களில் இருக்கக்கூடும். சமூக ஊடக நிறுவனத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே நடந்த முக்கியமான இரண்டு வழக்குகளைக் கர்நாடக உயர் நீதிமன்றம்தான் விசாரித்தது. புகார் கொடுப்பவர், அதைப் படிக்க வேண்டியவர், இருவருக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்பவர் என்று மூன்று தரப்பும் இந்த ஊரில் இருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதில் சொல்லாமல் இருப்பதால் எந்த இழப்பும் வராது என்ற நிலை உள்ளவரை நிர்வாகி பதில் சொல்லமாட்டார். ஆகவே மௌனத்துக்கு விலை வைக்க வேண்டும். அந்த விலை சான்றின் மேல் நிற்க வேண்டும். சான்றில்லாமல் வைத்தால் அது அப்பாவியின் தலையில் விழும். இதை ஏழு பகுதிகளாக விளக்குகிறேன்.

1. முகவரி இருக்கிறது, ஆள் இல்லை

இணையத்தில் பொறுப்பாளர் இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஐபி முகவரியும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பதிவகம் ஏபிநிக். அது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கிறது. இந்தியாவுக்குள் அந்த வேலையை நிக்ஸி அமைப்பின் கீழ் ஐரின் என்ற பதிவகம் 2012 முதல் செய்துவருகிறது. 'ஹூ இஸ்' என்ற பதிவேட்டில் ஒரு ஐபி முகவரியைக் கொடுத்துத் தேடினால் அதை வைத்திருப்பது யார் என்று நொடியில் தெரிந்துவிடும். டொமைன் பெயரைக் கொடுத்தால் அதை விற்ற ரெஜிஸ்ட்ரார் யார் என்று தெரியும்.

புகாரை எங்கே அனுப்புவது என்பதிலும் குழப்பம் இல்லை. 1997 மே மாதத்தில் வெளியான ஆர்.எஃப்.சி. 2142 என்ற ஆவணம், எந்த நிறுவனமானாலும் 'அப்யூஸ்' என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வகுத்தது. தன் வலையிலிருந்து பிறருக்கு நேரும் தொல்லைகளைப் பற்றிய புகார்கள் அங்கே வர வேண்டும். அதைக் கவனிக்கும் பிரிவைத் துறையில் அப்யூஸ் டெஸ்க் என்கிறோம். 2010இல் ஏபிநிக் இந்தத் தொடர்பு விவரத்தைப் பதிவேட்டில் தருவதைக் கட்டாயமாக்கியது. 2019 முதல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பெட்டி வேலை செய்கிறதா என்று சரிபார்க்கும் முறையும் வந்தது.

அப்படியானால் குறை எங்கே? சரிபார்ப்பது பெட்டியைத்தான், அதைப் படிக்கும் மனிதரை இல்லை. பதிவகம் அனுப்பும் சோதனைக் கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்திவிட்டால் விதி நிறைவேறிவிடுகிறது. அதன் பிறகு அதே பெட்டிக்கு வரும் உண்மையான புகார்களை எவரும் திறந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டின் வாசலில் தபால் பெட்டி மட்டும் பளபளப்பாக இருப்பதுபோலத்தான் இது. 1997இல் தொடங்கிய ஏற்பாட்டில் இன்னும் நிறைவேறாத பாதி, பதில் சொல்லும் கடமை.

2. மூன்று வகை மௌனம்

பதில் வராத இடங்களை எல்லாம் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. மௌனம் மூன்று வகைப்படும்; மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது இயலாமை. நம் ஊர்களில் கேபிள் டிவி இணைப்புக் கொடுத்தவர்களே பின்னர் இன்டர்நெட் இணைப்பும் கொடுக்கத் தொடங்கினார்கள். கம்பம் ஏறி வயர் இழுப்பவர், பில் வசூலிப்பவர், ரௌட்டரைப் பார்ப்பவர் எல்லாம் அங்கே இரண்டு மூன்று பேர்தான். பெரிய நிறுவனங்களிலும் இயலாமை உண்டு. ஃபயர்வால் மென்பொருள்கள் தாமாகவே எழுதி அனுப்பும் புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. அவற்றுக்கு நடுவே உயிருக்குப் பயந்து ஒரு பெண் எழுதிய கடிதமும் ஒரு டிக்கெட் எண்ணாகக் கிடக்கிறது.

இரண்டாவது அலட்சியம். தாக்குகிறவர் மாதாமாதம் பணம் கட்டும் வாடிக்கையாளர். தாக்கப்படுகிறவர் அந்த நிறுவனத்துக்கு யாரோ. அப்யூஸ் டெஸ்க் வருமானம் தரும் பிரிவும் இல்லை. ஆள் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். இங்கே மௌனம் ஒரு கணக்கு. பதில் எழுதினால் செலவு, எழுதாவிட்டால் செலவில்லை.

மூன்றாவது உடந்தை. எவ்வளவு புகார் வந்தாலும் அகற்ற மாட்டோம் என்பதையே விற்பனைச் சரக்காக வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் உண்டு. துறையில் 'புல்லட்ப்ரூஃப் ஹோஸ்டிங்' என்பார்கள். இவர்களுக்கு நாம் அனுப்பும் புகார் நேராகத் தாக்குகிறவர் கைக்கே போய்ச் சேரலாம். புகார் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அதில் இருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

ஆகவே எழுதுமுன் யாருக்கு எழுதுகிறோம் என்று அறிவது முதல் வேலை. இயலாதவருக்குத் தெளிவான புகார் உதவும். அலட்சியக்காரருக்கு மேலிடத்திலிருந்து அழுத்தம் வேண்டும். உடந்தைக்காரரிடம் எழுதவே கூடாது. அவருக்கு இணைப்புக் கொடுப்பவரிடம் போக வேண்டும்.

3. புகார் என்பது சான்று

இப்போது நம் பக்கம் திரும்புவோம். 2007 ஆகஸ்டில் இந்த நகரில் வேலை பார்த்த ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே காவல்துறை வந்து கைது செய்தது. ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தை ஏற்றியவர் அவர்தான் என்பது குற்றச்சாட்டு. அந்தப் படம் ஏறிய ஐபி முகவரி அவருடைய இணைப்புக்கு உரியது என்று இணைப்பு நிறுவனம் தந்த தகவலே ஆதாரம். அந்தத் தகவல் தவறு. அதற்குள் அவர் 50 நாட்கள் சிறையில் கழித்துவிட்டார்.

இந்த வழக்கை நான் எங்கு பேசினாலும் சொல்வேன். காரணம், நிர்வாகி பதில் சொன்னால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது எச்சரிக்கை. அங்கே நிர்வாகி பதில் சொன்னார். தவறான பதில் சொன்னார். மௌனம் ஒரு பக்கம் கெடுதல் செய்கிறது என்றால், சான்றைச் சரிபார்க்காத பதில் இன்னொரு பக்கம் கெடுதல் செய்கிறது.

ஐபி முகவரி ஆளின் பெயர் இல்லை. இன்று ஒரே ஐபி முகவரியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சந்தாதாரர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் முறை பரவலாக இருக்கிறது. ஒருவரைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் ஐபி முகவரியோடு போர்ட் எண்ணும், நொடி வரை துல்லியமான நேரமும் வேண்டும். நேரம் என்றால் எந்த நேரம்? பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே நிற்கிறது. இரவு 11 மணிக்கு நடந்தது என்று மட்டும் எழுதினால், நிர்வாகி ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பார்த்து வேறொருவரைக் கைகாட்டிவிட முடியும்.

நல்ல புகார் எப்படி இருக்க வேண்டும்? ஒரு கடிதத்தில் ஒரு சம்பவம் மட்டும். முழு இணைய இணைப்பு. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னஞ்சல் மிரட்டல் என்றால், அது வந்த வழியைக் காட்டும் முழு ஹெடர். தேதி, நேரம், எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு. அந்த நிறுவனத்தின் விதிகளில் எது மீறப்பட்டது, சட்டத்தில் எந்தப் பிரிவு பொருந்தும் என்று இரண்டு வரி. என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரி. வசையும் சாபமும் வேண்டாம். வேதனை நியாயமானதுதான். ஆனால் அந்த வேதனையைப் படித்துக் கடந்துபோக முடியும். சரியான சான்றைக் கடந்துபோவது கடினம்.

இன்னொன்று முக்கியம். முதல் கடிதத்திலேயே 'இந்தச் சம்பவம் தொடர்பான லாக் பதிவுகளை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள்' என்று எழுதுங்கள். இந்தியக் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்கள் லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவை அழிந்துபோகலாம். நிர்வாகி பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் சான்றின் ஆயுளில் ஒரு நாள் குறைகிறது. ஆகவே அவருடைய மௌனம் நடுநிலை ஆகாது. அது தாக்குகிறவரின் பக்கமே வேலை செய்கிறது.

4. மேலே ஏறும் படிகள்

கடிதம் நன்றாக இருந்தும் பதில் வரவில்லை. அடுத்து என்ன? இணையத்தில் எவரும் தனியாக நிற்பதில்லை என்பதே நமக்குள்ள பலம். தளத்தை நடத்துபவருக்கு மேலே ஹோஸ்டிங் நிறுவனம். அதற்கு மேலே அதற்கு இணைப்பை விற்கும் பெரிய நிறுவனம். பக்கத்தில் டொமைன் விற்ற ரெஜிஸ்ட்ரார். விளம்பரம் தருபவர், பணம் வசூலித்துக் கொடுப்பவர். ஒவ்வொரு படியிலும் ஒரு விதிமுறை இருக்கிறது. கீழ்ப்படியில் கிடைக்காத பதில் மேல்படியில் கிடைக்கும்.

வரலாறு இதைத்தான் காட்டுகிறது. 1997 ஆகஸ்டில் யூஸ்நெட் விவாதக் குழுக்களில் ஸ்பேம் வெள்ளமாகப் பாய்ந்தது. பெரும்பங்கு யூயூநெட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழியே வந்தது. புகார்கள் பலிக்கவில்லை. மற்ற நிர்வாகிகளில் ஒரு குழுவினர் கூடி, அந்த நிறுவனத்திலிருந்து வரும் எல்லாச் செய்திகளையும் ரத்து செய்வது என்று முடிவெடுத்தார்கள். சில நாட்களில் அந்த நிறுவனம் இறங்கிவந்து நடவடிக்கை எடுத்தது, தடையும் விலகியது. மாதக்கணக்கில் நடக்காதது நாட்களில் நடந்தது. விலை வைத்ததும் வழி பிறந்தது.

2008 நவம்பர் 11 அன்று இன்னும் பெரிய நிகழ்வு. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனம் இருந்தது. உலகின் பெரிய ஸ்பேம் வலைகளை இயக்கும் கணினிகள் அங்கே குடியிருந்தன. வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பிரையன் கிரெப்ஸ் சான்றுகளைத் திரட்டி, அந்த நிறுவனத்துக்கு இணைப்புக் கொடுத்த இரண்டு நிறுவனங்களிடம் நீட்டினார். ஹரிகேன் எலக்ட்ரிக், குளோபல் கிராசிங் என்ற அந்த இரண்டும் இணைப்பைத் துண்டித்தன. உலகம் முழுவதும் ஸ்பேம் மின்னஞ்சல் ஒரே நாளில் பாதிக்கும் கீழே இறங்கியது. இங்கே நீதிமன்றமும் வரவில்லை, காவல்துறையும் வரவில்லை. சரியான சான்று சரியான படியில் வைக்கப்பட்டது. அவ்வளவுதான்.

அதே நிகழ்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில மாதங்களில் ஸ்பேம் பழைய அளவுக்குத் திரும்பியது. துண்டிக்கப்பட்டவர்கள் வேறிடம் தேடிக்கொண்டார்கள். எனவே ஒரு முறை விலை வைத்தால் போதாது. அது நிரந்தர விதியாக வேண்டும். டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு தன் ஒப்பந்தங்களில் செய்து, 2024 ஏப்ரல் 5 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அந்தத் திசையில் ஓர் அடி. ஃபிஷிங், தீநிரல் போன்றவற்றுக்கு ஒரு டொமைன் பயன்படுகிறது என்று சான்றோடு தெரியவந்தால், ரெஜிஸ்ட்ரார் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் மிரட்டலும் அவதூறும் அந்தரங்கப் படமும் இல்லை. மோசடிக்கு விலை வைத்தாயிற்று. மனிதரைச் சிதைப்பதற்கு இன்னும் இல்லை.

5. சட்டம் கொடுத்த கைப்பிடி

நம் நாட்டுக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் ஏற்றும் உள்ளடக்கத்துக்கு இடைநிலை நிறுவனங்கள் பொறுப்பாகாமல் பாதுகாக்கிறது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ கிடைத்த பிறகே அகற்றும் கடமை எழும் என்று அந்தப் பிரிவுக்குப் பொருள் கொண்டது. பேச்சுரிமைக்கு அது பெரிய அரண். ஆனால் 'கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்' என்ற ஒற்றை வரியில் எல்லாப் புகாரையும் திருப்பி அனுப்பும் பழக்கத்துக்கும் அது சாக்காகிவிட்டது.

அந்தச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த விதிகள் இதில் ஒரு முக்கியமான மாற்றம் செய்தன. ஒருவரின் நிர்வாணப் படம், பாலியல் செயல் தொடர்பான படம், ஆள்மாறாட்டம், திரித்த படம் ஆகியவற்றைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அதை அகற்ற வேண்டும் என்று அவை அப்போது சொல்லின; அந்தக் கெடு பின்னர் இன்னும் குறைக்கப்பட்டது. இதற்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை. இதை அறிந்தவர் மிகச் சிலரே. நீங்கள் இந்த அவையிலிருந்து ஒரே ஒரு செய்தியைக் கொண்டுபோக முடியும் என்றால் இதைக் கொண்டுபோங்கள். தளம் நியமித்திருக்கும் குறைதீர்ப்பு அலுவலரின் முடிவு நிறைவு தராவிட்டால் 30 நாட்களுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். 2023 ஜனவரியில் இப்படி மூன்று குழுக்கள் அமைந்தன. காவல்துறையிடம் போக வேண்டுமானால், 2019 முதல் இயங்கும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, எல்லையைக் காரணம் காட்டாமல் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பெற வேண்டும்.

விலை வைத்தால் ஆள் வருவார் என்பதற்கு இந்த நகரிலேயே சாட்சி உண்டு. 2018இல் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவுக்கென்று முதல் குறைதீர்ப்பு அலுவலரை நியமித்தது. அவர் இருந்ததோ அமெரிக்காவில். 2021இல் புதிய விதிகள் அந்த அலுவலர் இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்றன. ட்விட்டர் நிறுவனம் தாமதித்தது. இடைக்கால அலுவலர் சில வாரங்களில் விலகினார். 79ஆம் பிரிவின் பாதுகாப்பை அந்த நிறுவனம் இழந்துவிட்டது என்று ஒன்றிய அரசு டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அந்த ஜூலையில் இந்தியாவில் வசிக்கும் அலுவலர் ஒருவரின் பெயரும், தொடர்பு முகவரியாக நம் டிக்கன்சன் சாலை முகவரியும் வெளியாயின. வேண்டுகோள்கள் செய்யாததைப் பாதுகாப்பு பறிபோகும் என்ற அச்சம் செய்தது.

விலை வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2021 ஜூலையில் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, அவர்களை ஏலம் விடுவதாகக் காட்டிய 'சுல்லி டீல்ஸ்' என்ற செயலி, மென்பொருள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளியானது. புகார்கள் எழுந்ததும் தளம் அதை அகற்றியது. டெல்லிக் காவல்துறை வழக்கும் பதிவு செய்தது. ஆனால் ஆறு மாதம் ஒருவரும் கைதாகவில்லை. 2022 ஜனவரி 1 அன்று அதே தளத்தில், அதே பாணியில், 'புல்லி பாய்' என்று இன்னொன்று வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் குறிவைக்கப்பட்டார்கள். மும்பைக் காவல்துறை சில நாட்களில் கைது நடவடிக்கையைத் தொடங்கியது. முதலில் பிடிபட்டவர் பெங்களூருவில் படித்துவந்த 21 வயதுப் பொறியியல் மாணவர். முதல் செயலிக்குக் காரணமானவர் எனப்பட்டவரையும் டெல்லிக் காவல்துறை அதன் பிறகே கைது செய்தது. சில நாட்களில் முடிகிற வேலை ஆறு மாதம் கிடந்தது. அந்த இடைவெளியில்தான் இரண்டாவது கொடுமை வளர்ந்தது.

6. விலை வைப்பவர் கைக்கும் கட்டு வேண்டும்

நான் சொல்வதைக் கேட்டு, எல்லா அதிகாரத்தையும் அரசிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2012 ஆகஸ்டை இந்த நகரம் மறக்க முடியாது. தாக்குதல் நடக்கப்போகிறது என்ற குறுஞ்செய்தி வதந்திகளால் வடகிழக்கு மாநிலத்தவர் பல்லாயிரக்கணக்கில் பெங்களூரு ரயில் நிலையத்தில் குவாஹாட்டி வண்டிக்குக் காத்துக் கிடந்தார்கள். அரசு நாடு முழுவதும் ஒரு நாளுக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் மொத்தமாக அனுப்பக் கூடாது என்று தடை போட்டது. கூடவே இணையப் பக்கங்களையும் கணக்குகளையும் முடக்கச் சொன்னது. அந்தப் பட்டியலை ஆராய்ந்தது பெங்களூருவில் இயங்கும் இணைய, சமூக ஆய்வு மையம். முடக்கச் சொன்ன 309 இனங்களில், வதந்தி பொய் என்று நிறுவிய பதிவுகளும் சேர்ந்திருந்ததை அது எடுத்துக்காட்டியது. நோயோடு மருந்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்த செயல் அது.

பின்னர் வந்த இரண்டு தீர்ப்புகளையும் அறிவீர்கள். அரசின் முடக்க ஆணைகளை எதிர்த்து ட்விட்டர் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 ஜூன் 30 அன்று தள்ளுபடி செய்து 50 லட்ச ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. அரசு அமைப்புகள் அகற்றல் அறிவிப்புகளை அனுப்பும் 'சஹ்யோக்' தளத்தை எதிர்த்து, எக்ஸ் என்று பெயர் மாறிய அதே நிறுவனம் தொடுத்த மனுவையும் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளியது. நீதிமன்றத்தின் மீது மதிப்பு வைத்தே என் கவலையைச் சொல்கிறேன். அரசு ஆணையிட்டால் நிறுவனம் மணிக்கணக்கில் அசைகிறது. தனி மனிதர் எழுதினால் வாரக்கணக்கில் அசைவதில்லை. இரண்டு கதவுகளில் ஒன்று மட்டும் அகலமாகத் திறப்பது நீதியாகாது. அரசின் கதவு விமர்சகர்களை விரட்டவும் பயன்படலாம். பாதிக்கப்பட்டவரின் கதவு அப்படிப்பட்டதில்லை. அங்கே ஒரு மனிதர் இருக்கிறார், அவருடைய படம் இருக்கிறது, அவருக்கு நேர்ந்த தீங்கு இருக்கிறது.

எனவே மூன்று கட்டுகள் தேவை. அகற்றும் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். பதிவிட்டவருக்கு, வேறு ஆபத்து இல்லாதபோது, தகவல் சொல்லி மறுமொழிக்கு இடம் தர வேண்டும். தவறாக அகற்றியதைத் திரும்ப வைக்க வழி இருக்க வேண்டும். சான்று கேட்கும் ஒழுக்கம் புகார் கொடுப்பவருக்கு உண்டு என்றால் ஆணையிடும் அரசுக்கும் உண்டு.

7. பெங்களூரு செய்ய வேண்டியவை

முதலில், இணைப்பு வாங்குகிறவர்களின் பலம். இந்த நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள் எல்லாம் இன்டர்நெட் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடுகின்றன. வேகத்தையும் விலையையும் பேசும்போது, 'முறைகேட்டுப் புகாருக்கு இத்தனை மணி நேரத்தில் மனிதர் ஒருவர் பதில் தர வேண்டும்' என்று ஒரு வரியையும் சேருங்கள். மௌனத்துக்கு விலை வைக்க இதைவிட எளிய வழி இல்லை. இதற்குச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, பதிவகங்கள். பெட்டி திறக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அவ்வப்போது மாதிரிப் புகார் அனுப்பி, மனிதர் படித்துப் பதில் தருகிறாரா என்று சோதிக்க வேண்டும். பதில் தரும் சராசரி நேரத்தை நிறுவனம்தோறும் வெளியிட வேண்டும். அந்த அட்டவணையில் கடைசியில் நிற்க எந்த நிறுவனமும் விரும்பாது.

மூன்றாவது, திரும்பத் திரும்ப முளைக்கும் அந்தரங்கப் படங்கள். 2025இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், அகற்றிய படங்கள் வேறு தளங்களில் மறுபடியும் தோன்றின. 48 மணி நேரத்தில் நீக்க நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஆணையிட்டார். அதன் தொடர்ச்சியாக அதே ஆண்டு நவம்பரில் ஒன்றிய அரசு இத்தகைய படங்களுக்கான செயல்முறையை வகுத்தது. படத்தை அனுப்பாமலே, அதன் எண்முறைக் கைரேகையை மட்டும் தளங்களுக்குத் தரும் தொழில்நுட்பம் இருக்கிறது. 2021 டிசம்பரில் பிரிட்டனில் தொடங்கிய ஸ்டாப் என்சிஐஐ சேவை அதைத்தான் செய்கிறது. இதைப் பள்ளி, கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவமானத்துக்கு அஞ்சிப் புகார் கொடுக்காத பெண்களுக்கு இது கதவைத் திறக்கும்.

நான்காவது, கல்லூரிகள். சட்டக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் சேர்ந்து வாரத்தில் ஒரு நாள் புகார் எழுதிக் கொடுக்கும் உதவி மையம் நடத்தலாம். ஹெடர் எடுக்கத் தெரிந்த மாணவரும் சட்டப் பிரிவு தெரிந்த மாணவரும் அருகருகே உட்கார்ந்தால் போதும். தமிழோ கன்னடமோ உருதுவோ மட்டுமே அறிந்த ஒருவர் தன் மொழியில் சொல்ல, அவர்கள் நிர்வாகி கடந்துபோக முடியாத சான்றாக அதை எழுதித் தரலாம். இந்த அறக்கட்டளையே அதைத் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கடைசியாக, இந்த நகரின் அப்யூஸ் டெஸ்குகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு. உங்கள் மேலாளர் கணக்கில் எடுப்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை டிக்கெட்டை மூடினீர்கள் என்பதைத்தான். அந்த அளவுகோலை நீங்கள் உருவாக்கவில்லை என்பதை அறிவேன். ஆனால் ஒரு டிக்கெட்டை வாசிக்காமல் மூடுவதும் ஒரு முடிவுதான்; அதன் விளைவு ஒரு மனிதர் மேல் விழுகிறது. அந்த அளவுகோலை மாற்றச் சொல்லி உங்கள் நிறுவனத்தில் குரல் கொடுங்கள். மற்றவர்கள் வாடிக்கையாளராக, பெற்றோராக, குடிமக்களாக அந்தக் குரலுக்குத் துணை நில்லுங்கள். பதில் சொல்வது கருணை இல்லை, கடமை. அந்தக் கடமையில் தவறும் நிறுவனம் அதற்கான விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையை நாம் கொண்டுவர வேண்டும்.